டிரில் மெஷினுக்குப் புதுக் கரி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் பழைய துணியை விரித்து டிரில் மெஷினைப் படுக்க வைத்திருக்கிறேன். பதினோரு வருடமாகச் சுவர்களைத் துளைத்த மெஷின். உள்ளே மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு இரண்டும் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்துவிட்டன. ஒன்றை மாற்றிவிட்டேன். இன்னொன்றையும் ஸ்பிரிங்கோடு உள்ளே அமுக்கி மூடியைத் திருக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மெஷினைப் பிடித்துப் பிடித்தே மரத்துப்போன விரல்கள் நடுங்குகின்றன. மூன்றாவது தடவையாகக் கரி துள்ளிக் கட்டிலுக்கு அடியில் ஓடுகிறது.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி குனிந்து அதை எடுக்கிறாள். "மெஷின் ரிப்பேரா, எலி பிடிக்கிற வேலையா?" என்கிறாள். "ஸ்பிரிங் சரியில்ல" என்கிறேன். "ஆமா, ஸ்பிரிங்தான் நடுங்குது பாவம்." என்னை நகரச் சொல்லிவிட்டு, ஒரே அமுக்கில் கரியை உட்காரவைத்து மூடியைத் திருகுகிறாள். நாளைக் காலை எட்டாவது மாடியில், கயிற்றில் தொங்கும் பலகை மேல் நின்று துளை போட வேண்டும். நடுக்கம் மேஸ்திரி கண்ணில் பட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். பிளக்கைச் செருகி விசையை அழுத்துகிறேன். மெஷின் ஒருமுறை இருமிவிட்டு ஓடத் தொடங்குகிறது. காற்றுத் துளைகளுக்குள் நீலப்பொறி சுற்றுகிறது, கரி வாசனை அறையெங்கும் பரவுகிறது. அந்த அதிர்வில் கையின் நடுக்கம் தனியாகத் தெரியவில்லை. "பாத்தியா, புதுசு மாதிரி ஓடுது!" என்று கத்துகிறேன். அவள் மெஷினைப் பார்க்கவில்லை, என் மணிக்கட்டைப் பார்க்கிறாள். "இப்ப அதை நிறுத்திட்டுக் கையைக் காட்டுங்க."

நான் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை.