நமக்குச் சரிப்படாது

தீவுக்கு வந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் சிவப்பு லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. கடலில் இறங்கவும் இல்லை. இறக்கிவைத்த கேஸ் சிலிண்டர் மாதிரி குடைக்கு அடியில் உட்கார்ந்து, எந்த விளையாட்டுக்குப் போகலாம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பாராசூட் என்றால், "நமக்குத் தலை சுத்தும்." கடலுக்கு அடியில் போய் மீன் பார்ப்பது என்றால், "நமக்கு மூச்சு முட்டும்." வாட்டர் ஸ்கூட்டரா? "நமக்கு முதுகு தாங்காதும்மா." என் முதுகுக்கு ஒரு கேடும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரின் உடம்பில் உள்ள கோளாறிலெல்லாம் எனக்கும் ஒரு பங்கு.

ஒருவர் பின்னால் ஒருவர் உட்காரும் வாழைப்பழ வடிவ ரப்பர் படகில் ஒரு இடம் காலி என்று படகுக்காரர் கூவினார்.

"கவுந்துடாதே?" என்று இவர் கேட்டார்.

"கவுக்கத்தான் சார் கூட்டிட்டுப் போறோம்."

"பார்த்தியா வசுமதி, இதுவும் நமக்கு…" என்று திரும்பியவர் காலி நாற்காலியைப் பார்த்தார். நான் அதற்குள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படகில் ஏறி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தேன்.

"இறங்கு! நாம யோசிச்சு முடிவு பண்ணலாம்!"

"நீங்க யோசிங்க," என்று கத்தினேன். "நாங்க கிளம்புறோம்."