ஒரு ஆளுக்கு மேசை

"அடுத்த ஞாயித்துக்கிழமை நீ சமைக்க வேண்டாம், மேவிஸ். வெளிய ஓரிடத்துல மேசை சொல்லியிருக்கேன்."

தட்டில் மிச்சமிருந்த கிரேவியை ரொட்டியால் துடைத்துக்கொண்டே ஹெட்லி இதைச் சொன்னார்.

"ஏன், இன்னைக்குக் கறி வேகலையா?"

"நல்லாத்தான் வெந்திருக்கு."

"பின்ன?"

"சும்மாதான்."

நாற்பத்தோரு வருடங்களாக ஒரு ஞாயிறு தவறாமல் அடுப்பில் மாட்டிறைச்சி வாட்டி, உருளைக்கிழங்கு பொரித்து, மாவும் முட்டையும் பாலும் கரைத்து ஊற்றி யார்க்‌ஷயர் புட்டிங் உப்ப வைத்துப் போட்டவளிடம் 'சும்மாதான்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? மேவிஸ் அன்றோடு பேச்சை நிறுத்தினாள். தேநீரைக்கூட மேசையில் ணங்கென்று வைத்துவிட்டுப் போய்விடுவாள். மூன்று நாள் இப்படியே போயிற்று. புதன்கிழமை காலை பேருந்து நிறுத்தத்தில் ஹெட்லி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மேவிஸ் கோட்டை எடுத்து மாட்டினாள். சமையலறை நாட்காட்டியில் ஹெட்லி அந்தக் கடையின் பெயரையும் ஒன்றரை மணி என்றும் எழுதி வைத்திருந்தார். துணைக்கு வந்து தங்கியிருந்த அவர் தங்கை எனிட் பதறினாள். அடக்கத்துக்குக் கிடைத்த தேதிக்கே இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் கடையில் போய் உட்கார்ந்து சாப்பிட்டால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டாள்.

"நினைக்கிறவங்க நினைக்கட்டும். என் கைச் சாப்பாடு அந்த மனுஷனுக்கு எப்ப அலுத்துச்சு, அங்க அப்படி என்ன கிடைச்சுது, எனக்குத் தெரிஞ்சாகணும். தெரியாம நான் அவரைப் புதைக்க மாட்டேன்."

எனிட்டும் கூடவே கிளம்பினாள்.

லீட்ஸ் நகரின் கடைத்தெருவில் இரண்டு செருப்புக் கடைகளுக்கு நடுவே ஒரு சந்து. இருவர் சேர்ந்து நடக்க முடியாது. பின்கட்டுக் குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, ஈரச் சுவரில் தோள் உரச, இறந்த புருஷனைத் திட்டிக்கொண்டே மேவிஸ் முன்னால் போனாள். சந்தின் முடிவில் எட்டே மேசைகளோடு அந்த உணவகம் இருந்தது. ஒரு மேசையைத் தவிர எல்லாம் நிறைந்திருந்தன.

வாசலில் நின்ற பெண் பதிவேட்டில் விரலை ஓட்டினாள். ஹெட்லி, ஒன்றரை மணி, ஒரு ஆளுக்கு என்று வாசித்தாள்.

மேவிஸ் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஒன்று என்றுதான் இருந்தது.

"பாத்தியா எனிட்? ரெண்டு பேருக்குக்கூட இல்ல. தனியா வந்து திங்கப் பாத்திருக்கார் உன் அண்ணன்."

"அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்ல, அண்ணி. உங்களுக்குத்தான் சொல்லி வெச்சிருக்கும்."

"சரி, எனக்குத்தான்னே வெச்சுக்க. நான் இங்க ஒத்தையா உக்காந்து மென்னுக்கிட்டிருக்கப்ப அவர் எங்க இருந்திருப்பார்? யாரோட இருந்திருப்பார்? சொல்லு."

பக்கத்து மேசையிலிருந்து எனிட்டுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். அவள் வெறும் தேநீர் போதும் என்றாள்.

மேவிஸ் முன் தட்டு வந்தது. தட்டில் இறைச்சி இல்லை, கிழங்கு இல்லை. உப்பிய புட்டிங் ஒன்று மட்டும், சுற்றிலும் கிரேவி. புட்டிங்கை முதலில் தனியாகப் போடுவது பழைய வீடுகளின் முறை. மேவிஸ் வீட்டில் இன்றுவரை அப்படித்தான். கடைகளில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் குவித்துக் கொடுப்பார்கள்.

கடைக்காரரைக் கூப்பிடச் சொன்னாள். அறுபது வயதிருக்கும், கனத்த உடம்பு. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இது யார் சொல்லி இப்படி வந்தது என்று மேவிஸ் கேட்டாள்.

"ஹெட்லி சொன்னதுதான், கண்ணு."

அந்த ஊரில் முன்பின் தெரியாதவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்று அது அவள் காதில் நெருப்பாக விழுந்தது.

"என் வீட்டு வழக்கத்தை இங்க வந்து ஒப்பிச்சிருக்காரா? வேற என்ன சொன்னார்? என் கறி தோலு மாதிரி இருக்கும்னா? நாப்பத்தோரு வருஷமா பல்லைக் கடிச்சுக்கிட்டு முழுங்கினேன்னா?"

அவள் குரல் உயரவில்லை. ஆனாலும் பக்கத்து மேசைகளில் முள்கரண்டிகள் நின்றன. எனிட் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மேவிஸ் உதறினாள். செத்தும் தன்னை நிம்மதியாக விடவில்லையே என்று முணுமுணுத்துவிட்டு, பதில் கிடைக்காமல் எழுந்திருக்கப்போவதில்லை என்றாள்.

அவள் முணுமுணுத்தது கடைக்காரர் காதில் விழவில்லை. அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை அவர்கிட்டயே கேளு, கண்ணு. நானும் அவருக்குத்தான் காத்திருக்கேன். மூணு மாசமா சனிக்கிழமையானா தோட்டத்துக்குப் போறேன்னு உங்கிட்ட சொல்லிட்டு இங்க வந்துடுவாரு. என் அடுப்புல நின்னு கறி வாட்டக் கத்துக்கிட்டாரு. கையை எத்தனை தடவை சுட்டுக்கிட்டாருன்னு கணக்கே இல்ல. இன்னைக்கு அவரே சமைச்சு, அவரே கொண்டாந்து பரிமாறுவேன், என் பொண்டாட்டி ஒரு ஞாயித்துக்கிழமையாவது உக்காந்து சாப்பிடட்டும்னாரு. அதனாலதான் ஒரு ஆளுக்கு மேசை. பன்னெண்டு மணிக்கே வர்றேன்னவரைக் காணோம், நானே போட்டுட்டேன். உடம்பு கிடம்பு சரியில்லையா அவருக்கு?"

தட்டில் புட்டிங் இன்னும் அமுங்காமல் உப்பியே இருந்தது.