ஆளுக்கு ஒருமுறை

மலை செங்குத்தாகக் கடலில் இறங்கும் அந்த முனைக்கு ஒருவர் வாழ்நாளில் ஒருமுறைதான் போகலாம். பெர்னதெத்தும் அவள் கணவன் ததேயுவும் பதினோரு வருடம் காத்திருந்து அனுமதி வாங்கினார்கள். இரண்டு ரயில், ஒரு படகு, அரைநாள் மலையேற்றம். கடைசி வாசலில் இருந்த அடையாளக் கருவியில் அவள் கண்ணைக் காட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நீங்க ஏற்கெனவே வந்திருக்கீங்கம்மா," என்றார் காவலர். "பத்து மாசக் குழந்தையா, உங்க அம்மா இடுப்புல."

"கைக்குழந்தை என்னத்த சார் பார்த்திருக்கும்? தூங்கிட்டிருந்திருப்பேன்!"

"கண்ணு திறந்திருந்ததாத்தான் பதிவாகியிருக்கு."

அவள் கெஞ்சினாள், கத்தினாள், வாசல் கதவை எட்டி உதைத்தாள். விளக்கு மாறவில்லை.

"வா, திரும்பிடுவோம்," என்றான் ததேயு.

"நீங்களாவது போங்க. எனக்கும் சேத்துப் பாத்துட்டு வாங்க." அவனை உள்ளே தள்ளிவிட்டாள்.

ஒரு மணி நேரம் சுவருக்கு அப்பால் அலைச்சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்தவனின் கண்கள் கலங்கியிருந்தன.

"எப்படி இருந்துச்சு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மலை இருந்துச்சு. அப்புறம் கடல் இருந்துச்சு."

இருபது வருடமாக அவள் வைக்கும் மீன்குழம்பைப் பற்றிக்கூட 'நல்லாருக்கு' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாத மனிதன். அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப் பாறையில் உட்காரவைத்தாள்.

"மலை என்ன நிறம்? அதுலேருந்து சொல்லுங்க. சொல்லி முடிக்காம நான் இறங்க மாட்டேன்."

"கறுப்பு," என்றான். கைகளை உயர்த்தி எதையோ வரைந்து பார்த்தான். "இல்ல, நீலம்."

பெர்னதெத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.