நானூறு வாட்காரர் போட்ட கணக்கு

ஒரு மேசைக்கு அடியிலே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருந்ததாம். அதற்குள்ளே புதுசாகக் குடிவந்தவர் நானூறு வாட் பவர் சப்ளை. உள்ளே இருக்கிற எல்லோருக்கும் மின்சாரம் பரிமாறுவது அவர் வேலை. தேவை நானூறைத் தாண்டினால் அவரைக் கழற்றிக் கடைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பயத்தில் அவர் ஒவ்வொருவரிடமும் கணக்குக் கேட்கக் கிளம்பினார்.

"பிராசஸர் தம்பி, உனக்கு எவ்வளவு வேணும்?"

"வேலை மும்முரத்துல நூத்தியிருபது கொடுங்கண்ணே."

அடுத்து, இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு படுத்திருந்த கிராபிக்ஸ் கார்டு அம்மணியிடம் போனார். "உங்களுக்கு?"

"தூங்கும்போது முப்பது போதும்," என்று அவள் கொட்டாவி விட்டாள்.

பவர் சப்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஆக நூத்தம்பது! பாதிகூட வரலையே!"

மூலையிலிருந்த குட்டி ஃபேனுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, முழிச்சா எவ்வளவுன்னு அவங்களைக் கேளுங்களேன்."

"சும்மா இருடா. பாவம், அசந்து தூங்குறாங்க."

சாயங்காலம் வீட்டுக்காரர் கார் பந்தய விளையாட்டைத் திறந்தார். கார்டு அம்மணி கண் விழித்தாள். "முந்நூத்தம்பது எடுங்க, சீக்கிரம்!"

பிராசஸர் தம்பியின் நூற்றியிருபதையும் சேர்த்து, பவர் சப்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். உடம்பு கொதித்தது. டப்பென்று பெட்டி முழுக்க இருட்டு.

பவர் சப்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஊரெல்லாம் கரண்ட் கட்டு போலிருக்கு."

குட்டி ஃபேன் பெட்டியின் ஓட்டை வழியே எட்டிப் பார்த்தது.

"வெளியே டியூப்லைட் எரியுதுண்ணே. வீட்டுக்காரரு திருப்புளியோட வர்றாரு."