தூளின் மேல் ஒரு கோடு

டின்னிலிருந்த வெள்ளைத் தூளைத் தட்டிச் சமனாக்கி, அதன்மேல் விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் லோகநாதன் முதல்நாள் மூடி வைத்திருந்தான். காலையில் திறந்தால் கோட்டைக் காணோம். யாரோ தூளை மறுபடி நிரவியிருந்தார்கள். ஒரு பிடி குறைந்திருந்தது.

வீட்டில் இருப்பது அவனும் வரலட்சுமியும்தான். சீசா கழுவ வருகிற கன்னியம்மாள் கிணற்றடியைத் தாண்டி உள்ளே வந்ததே கிடையாது.

யுத்தம் வந்ததிலிருந்து சீமைப் பற்பசை கடைகளில் கிடைப்பதில்லை. பட்டணத்து மருந்துக்கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டதை வைத்து, லோகநாதன் பட்டாபிராமில் தன் வீட்டிலேயே பற்பசை கிண்டினான். சின்னச் சீசாக்களில் அடைத்து, ரயிலில் ஆபீசுக்குப் போகிறவர்களிடம் விற்றான். அதுதான் சோறு போட்டது. எதை எவ்வளவு சேர்ப்பது என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

போன மாதம் வரலட்சுமியின் அண்ணன் ஜெயராமன் கொரட்டூரிலிருந்து வந்திருந்தான். "மச்சான், அந்தப் பக்குவத்த எனக்கும் சொல்லிக்குடேன். எங்க பக்கம் நான் வித்துக்கிறேன்" என்றான். லோகநாதன் முடியாது என்றுவிட்டான். அதற்கப்புறம் வரலட்சுமி இரண்டு தடவை அம்மாவைப் பார்க்கிறேன் என்று கொரட்டூர் போய்வந்தாள். தூள் குறைய ஆரம்பித்ததும் அதற்கப்புறம்தான்.

"டின்ன யாரு தொட்டது?"

"எனக்கு இன்னா தெரியும்?" வரலட்சுமி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் தட்டில் சோறு போட்டது போட்டபடி இருந்தது. நாலைந்து நாளாகவே அப்படித்தான். மனசில் கள்ளம் இருந்தால் சோறு எப்படி இறங்கும் என்று நினைத்துக்கொண்டான் அவன்.

"எங்கிட்ட எதையோ மறைக்கிற நீ."

அவள் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "இன்னும் பத்து நாளு போவட்டும். நானே சொல்றேன்" என்றாள்.

பத்து நாளில் ஜெயராமன் கடையே போட்டுவிடுவான்!

அன்றைக்கு கிளிசரின் வாங்கப் பூந்தமல்லிக்குப் போனவன், மருந்துச் சாமான் கடை அன்வர் பாஷாவிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். மச்சான் பேரை மட்டும் சொல்லவில்லை.

"வேற இன்னா காணாம போச்சு?" என்று கேட்டார் பாஷா.

"வேற எதுவும் இல்ல பாய். சீமைச்சுண்ணாம்புத் தூளு மட்டும்தான்."

பாஷா சிரித்துவிட்டார். "அந்தக் களவாணிக்கு விவரம் பத்தல. அந்தத் தூளு பல்லத் தேய்க்கத்தான் ஆவும். நுரைக்கு சோப்பு வேணும், பசை காயாம இருக்க கிளிசரின் வேணும், இனிப்புக்கு சாக்கரின், மணத்துக்குப் புதினா உப்பு, லவங்க எண்ணெய். வெல ஒசந்தது எல்லாம் அங்கயே கீது. ருசியும் இல்லாம மணமும் இல்லாம மண்ணு மாதிரி கெடக்குறத எடுத்துக்கினு போயி அவன் இன்னா பண்ணுவான்?"

"மொதல்ல தூளு. அப்பால ஒவ்வொண்ணா போவும் பாய்" என்றான் லோகநாதன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில், "நெமிலிச்சேரி வரைக்கும் போய்ட்டு வரேன். வர சாயங்காலம் ஆவும்" என்று சொல்லிவிட்டுப் பையோடு கிளம்பினான். ஸ்டேஷன் வரை போய், ஒரு ரயிலை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். சொந்த வீட்டுக்குள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நுழைய அவனுக்கே கேவலமாக இருந்தது.

சாமான் அறையில் வரலட்சுமி அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். டின் திறந்திருந்தது. ஒரு பிடி தூளை அள்ளி முந்தானையில் வைத்து முடிந்தாள். அப்புறம், மீதியை உள்ளங்கையால் பதமாக நிரவிவிட்டாள்.

அதுவரைக்கும் அவன் மனசின் ஒரு மூலையில், இவளாக இருக்காது என்றுதான் இருந்தது.

"யாருக்குடி முடியுற?"

அவள் துள்ளி எழுந்தாள். கையைப் பிடித்துத் தரதரவென்று கிணற்றடி வெளிச்சத்துக்கு இழுத்து வந்தான். முடிச்சு அவிழ்ந்து தூள் வழியெல்லாம் கொட்டியது. சீசா கழுவிக்கொண்டிருந்த கன்னியம்மாள் அப்படியே நிமிர்ந்தாள்.

"உங்க அண்ணன் எங்க நிக்கிறான்? கொல்லப் பக்கமா? ரயிலடியிலயா?"

வரலட்சுமி வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் கவனித்தான். அவள் உதடெல்லாம் வெள்ளை, முகவாயெல்லாம் வெள்ளை.

"ஓஹோ! ருசி பாத்து, இன்னா கலந்திருக்குன்னு அவனாண்ட சொல்றியா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். கண்ணீர் வழிந்து முகவாய் வெள்ளையில் கோடு போட்டது.

"ஒம்பது வருசம் உன்ன நம்பினேனே! எதுக்குடி எடுத்த? ஒரே வார்த்த சொல்லு, போதும்!" என்று கத்தினான்.

வாய் நிறையத் தூளை வைத்துக்கொண்டு அவளால் அந்த ஒரு வார்த்தையையும் சொல்ல முடியவில்லை. விழுங்கப் பார்த்து, புரையேறி, கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

கன்னியம்மாள் கையிலிருந்த சீசாவைக் கீழே வைத்தாள். லோகநாதனை ஒரு தள்ளு தள்ளிவிட்டு வந்து, வரலட்சுமியின் வாயைத் தன் முந்தானையால் துடைத்தாள். பிறகு அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்து, மெல்லக் கேட்டாள்:

"எத்தினி மாசம், கண்ணு?"