ஐந்தாவது பாட்டில் ஒரு தும்மல்

“ஜன்னலைச் சாத்து, சாத்துன்னு எத்தனை தடவைட்டி சொல்லுதது? இந்தா, நீயே கேளு. ஆடு கத்துது!”

சாம்பசிவம் டேப் ரிக்கார்டரைப் பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டார். ஐந்தருவியைப் பற்றி அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்டு, அவரே பாடிய பாட்டு. உருகி உருகிப் போய்க் கடைசி அடியில் வந்து நிற்கிற இடத்தில், “ம்மே...”

பாலாம்பாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “நல்லாத்தானே இருக்கு” என்றாள்.

“எது, ஆடா?”

அவள் ஒரு கல்லை எடுத்து ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள்.

ரிக்கார்டிங் என்றால் அந்த வீட்டில் ஏற்பாடு இதுதான். சாம்பசிவம் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிவிடுவார். அதோடு காதும் சேர்ந்து மூடிக்கொள்ளும். பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. ஜன்னலைச் சாத்துவது, சிவப்புப் பட்டனை அமுக்குவது இரண்டும் பாலாம்பாள் பொறுப்பு. ஒரு பாட்டை ஒரு தடவைதான் பாடுவார். மறுதடவை பாடினால் பாட்டின் உயிர் போய்விடுமாம். ஆபீசில் ஒரே கடிதத்தை நாலு தடவை டைப் அடிக்கிற மனுசருக்கு வீட்டில் இப்படி ஒரு கொள்கை!

மஸ்கட்டில் இருந்து மச்சினன் இந்த டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்த புதுசில் எடுத்த முதல் கேசட், தூசி தும்பு இல்லாமல் சுத்தமாகத்தான் வந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற சுடலைக்கண்ணுவிடம், வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். உடம்பு பூரா எண்ணெயோடு கிடக்கிறவன் எங்கே ஓடிவிடுவான் என்ற தைரியம்தான்.

நாலாம் நாள் சுடலைக்கண்ணு கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான்.

“அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. மதுரைக்காரரு ஒருத்தரு ரெண்டாவது பாட்டுல எந்திரிச்சுட்டாரு. அருவிப் பக்கம்கூடப் போகலை. எண்ணெயோடயே பஸ் ஏறிட்டாரு.”

சாம்பசிவத்துக்கு ஒரு மாசம் சோறு இறங்கவில்லை. ஆர்மோனியத்தைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டார். “ஒருத்தராவது ஒரு பாட்டை முழுசாக் கேட்டாப் போதும்ட்டி. நான் வேற என்னத்தைக் கேட்டேன்?” என்று புலம்பினார்.

பாலாம்பாள்தான் பரணில் ஏறி ஆர்மோனியத்தை இறக்கினாள். “இன்னொரு கேசட் போடுங்க, பாப்போம்.”

போட்டார். பன்னிரண்டு பாட்டு. எல்லாம் பாடி முடித்து, இன்றைக்குத்தான் உட்கார்ந்து கேட்கிறார். இரண்டாவதில் ஆடு. மூன்றாவதில் தபால்காரர் ஏசுதாசன், “சார், போஸ்ட்!” உலகமே பொய் என்று உருகுகிற ஐந்தாவதில், பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஏட்டு தளவாய் போட்ட தும்மல். இப்படியே பதினோரு பாட்டிலும் பதினோரு சத்தம். கடைசிப் பாட்டு மட்டும் என்னவோ குருட்டாம்போக்கில் சுத்தமாக விழுந்திருந்தது.

“பாழாப் போச்சு! என் பாட்டுன்னா உனக்கு அம்புட்டு இளக்காரம்!”

கத்தி முடிப்பதற்குள் வாசலில் இசக்கி வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, இப்பக் கத்துனது என் ஆடுல்லா? இன்னொரு தடவை போடுங்களேன்.”

ஆடு கத்துவது கடைசி அடியில். அதுவரைக்கும் பாட்டைக் கேட்டுத்தானே ஆகணும்? கேட்டாள். மறுநாள் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. தளவாய் இலத்தூரில் இருந்து சம்பந்தி வீட்டாரையே வரவழைத்துவிட்டார்.

“எல்லாரும் பேசாம இருங்க. இன்னும் ரெண்டே அடிதான். இந்தா... வரப் போவுது!”

வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். தளவாய் மீசையை நீவிவிட்டுக்கொண்டார்.

சம்பந்தி சாம்பசிவத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க அப்பாவுக்கு நல்ல கனத்த இருமல் சார். அடுத்த கேசட்டுல ஒரு இடம் குடுக்கணும்.”

சாம்பசிவத்துக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், காப்பி குடிக்கிறார்கள், அவரவர் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். இசக்கி ஆட்டை அவிழ்க்கும்போது ஐந்தருவிப் பாட்டை முணுமுணுக்கிறாள். அதிலும் கடைசி ‘ம்மே’யை விடுகிறாளா என்றால் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுத்தியலும் ஆணியுமாக வந்து நின்றார்.

“ஜன்னலை அறையப் போறேன். பன்னிரண்டு பாட்டையும் மறுபடி பாடப் போறேன். கொள்கையாவது கத்திரிக்காயாவது! உன்னை நம்பி ஜன்னலை விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

பாலாம்பாள் அவர் கையில் இருந்து ஆணியை வாங்கிக்கொண்டாள்.

“நான் ஒண்ணும் மறந்துபோய்த் திறந்து போடலை.”

“பின்னே?”

“கடைசி அடி வரும்போது நானேதான் திறந்துவிட்டேன். இசக்கி ஆட்டுக்கு ஜன்னல் வழியா அகத்திக்கீரையைக் காட்டிட்டுக் குடுக்காம வச்சிருந்தேன். தளவாய் அண்ணாச்சி மூணு மணிக்குத்தான் மூக்குப்பொடி போடுவாங்க. நீங்க காப்பி குடிச்சுட்டுத்தானே பாட உட்காருவீங்க, அதுக்காகத்தான் அன்னைக்குக் காப்பி லேட்டு.”

“ஏன்ட்டி இப்படிப் பண்ணுன?”

“ஆளுக்கு ஒரு பாட்டையாவது முழுசாக் கேக்கணும்லா?”

சாம்பசிவம் சுத்தியலைக் கீழே வைத்தார். டேப் ரிக்கார்டரைக் கடைசிப் பாட்டுக்கு ஓட்டினார்.

“சரி, அந்தப் பன்னிரண்டாவது பாட்டு? அன்னைக்கு மட்டும் தெருவுல ஒருத்தனும் சிக்கலையாக்கும்?”

“அன்னைக்கு ஜன்னலைச் சாத்திட்டேன்” என்றாள் பாலாம்பாள். “அது நான் கேக்கதுக்கு.”