ராணியை வெட்டக் கொடுத்த ஆட்டம்

"இந்த இடத்துலதாண்டா என்னைக் கொன்னுட்டே" என்றான் அண்ணன். பலகையின் நடுவே நின்ற கறுப்பு ராஜாவின் தலைமேல் அவன் விரல் இருந்தது.

கறுப்புக் காய்கள் தம்பியுடையவை. தோற்றவன் தம்பி, ஜெயித்தவன் அண்ணன். ஆனால் செஸ் கிளப்பின் மாடி அறையில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தவன் ஜெயித்தவன்தான்.

துறைமுக அலுவலகத்தின் சதுரங்க அணிக்கு ஓர் ஆள் வேண்டும், ஜெயிப்பவருக்கு நிரந்தர வேலை என்று அறிவித்திருந்தார்கள். கடைசிச் சுற்றில் மிஞ்சியது ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர்.

அலுவலக அதிகாரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அருகே வந்தார். "தம்பின்னுகூடப் பாக்கலையே சார் நீங்க. குதிரை, யானை, கடைசியில ராணியையே தூக்கிப் போட்டு இப்படி ஒரு அடியா? திங்கக்கிழமை ஆபீஸுக்கு வந்துடுங்க."

"சரிங்க" என்று எழுந்து சொல்லிவிட்டு அண்ணன் மறுபடி உட்கார்ந்தான். அவர் படியிறங்கும்வரை தலை நிமிரவில்லை.

அவன் ராணியைக் கொடுத்தது அடிப்பதற்காக அல்ல. தோற்பதற்காக.

தம்பி ஒரு பட்டறையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறான். அந்தப் புகையை விட்டால்தான் நெஞ்சு தாங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் வேலை பார்த்த அச்சகமும் பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் இந்த வேலை தம்பிக்குத்தான் என்று முடிவு செய்துகொண்டே அவன் வெள்ளைக் காய்களின் முன் உட்கார்ந்தான்.

வாயைத் திறந்து 'நீயே எடுத்துக்கோ' என்று விட்டுக்கொடுக்க முடியாது. கூடப் பிறந்தவனே ஆனாலும், இரக்கப்பட்டுப் போட்டதை அந்த வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். போதாக்குறைக்கு அதிகாரி வேறு முதலிலேயே சொல்லியிருந்தார்: "அண்ணன் தம்பி பேசி வெச்சு ஆடினது தெரிஞ்சா ரெண்டு பேருமே வீட்டுக்குப் போகலாம்."

ஆகவே தோல்வி பார்ப்பவர்களுக்கு வீரமாகத் தெரியவேண்டும். காய் காயாக அள்ளிக் கொடுத்தான். சுற்றி நின்றவர்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஆடியவர்கள் இருவரும் முதலிலிருந்து நகர்த்திப் பார்ப்பது சதுரங்கக்காரர்கள் வழக்கம். அண்ணன் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தான், ஆற்றாமையோடு.

"குதிரையை வெட்டினே, சரி. அப்புறம் ராஜாவுக்கு வெளிய என்னடா வேலை?"

"காத்து வாங்கட்டும்னுதான்." தம்பி சிரிக்கப் பார்த்தான். இருமல் வந்தது.

"விளையாடாதே. விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து ராஜாவை மூலையில பூட்டி வெச்சுட்டுத்தான் நீ மத்ததைத் தொடுவே. இன்னிக்கு நடு ரோட்டுல கொண்டாந்து நிறுத்தியிருக்கே."

"எல்லா நாளும் ஒண்ணாவாண்ணே இருக்கும்?"

அண்ணன் காய்களைக் கடைசி நிலைக்கு நகர்த்தினான். வெள்ளையிடம் மிஞ்சியது ஒரு யானை, ஒரு குதிரை, சில சிப்பாய்கள். எதிரே தம்பியின் படை முழுசாக நின்றது. தம்பி எதை நகர்த்தியிருந்தாலும் வேலை அவனுக்குத்தான். அவனோ அப்போது கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். பிறகு ராணியை நகர்த்தி, "செக்" என்றான். ஆட்டத்திலேயே படுமோசமான நகர்வு அது.

அந்தச் செக்கிலிருந்து தப்ப அண்ணனுக்கு இருந்தது ஒரே வழி. குதிரையைக் குறுக்கே வைக்கவேண்டும். குதிரை விலகியதும் அதன் பின்னால் மறைந்திருந்த யானை தம்பியின் ராஜாவை நேராகப் பார்க்கும். அதுவே மேட், ராஜா தப்ப வழியே இல்லை.

வேறெதையும் தொட விதி இடம் தரவில்லை. அந்த நேரத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தால் கூட்டத்துக்கே விஷயம் புரிந்துவிடும், இரண்டு பேர் பெயரும் கெடும். குதிரையை எடுத்து வைத்தான். அதை ஓங்கி வைத்ததை ஆவேசம் என்றார்கள்.

"நேத்து ஆடக் கத்துக்கிட்டவன்கூட இந்தச் செக்கைச் சொல்லமாட்டாண்டா" என்றான் அண்ணன். "ஒரு சிப்பாயைத் தள்ளிட்டுச் சும்மா இருந்திருந்தா நான் முடிஞ்சேன்."

தம்பி வெட்டுப்பட்ட வெள்ளை ராணியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உன்னை ஜெயிக்க வெக்கத்தாண்டா எல்லாத்தையும் கொட்டிக் கொடுத்தேன். தோக்கறதுக்குன்னே வந்தேன்." அண்ணன் பலகைமேல் குனிந்தான். "இனிமேயும் அந்தப் புகைக்குள்ளயே போய் நிப்பியா நீ? இதுக்கா உன்னை வளர்த்தேன்?"

கூடத்தில் நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. தம்பி அது அடங்கும்வரை காத்திருந்தான்.

"அண்ணி ராத்திரியில சாப்பிடறதே இல்லண்ணே. பிள்ளைங்களுக்குப் போட்டுட்டு, பசிக்கலைன்னு சொல்லிப் படுத்துடறாங்க."

"பேச்சை மாத்தாதே. அத்தனை நேரம் யோசிச்சுட்டு எதுக்குடா அந்தச் செக்கைச் சொன்னே?"

தம்பி ராணியைப் பலகையின் ஓரத்தில் நிமிர்த்தி வைத்தான்.

"அது ஒண்ணைத் தேடித்தாண்ணே அத்தனை நேரம் ஆச்சு."